பட்டறை மேசையின் மேற்பலகை

‘ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நாடறிந்த பழமொழி. தன் குறையை நிலத்தின்மேற் சுமத்துபவரை நகையாடுதற்கு எழுந்த மொழி அது. ஆயினும், ஒரு தச்சுத் தொழிலாளியோ, இயந்திரம் பழுதுபார்ப்பவரோ ‘கூடம் கோணல்’ என்று கூறுவாராயின், அதனை உடனே நகைத்து ஒதுக்கிவிடுதல் முறையன்று. அவர் நின்று வேலைசெய்யும் மேசை உண்மையிலேயே கோணலாக இருந்தால், அதன்மேல் வைத்து இழைத்த பலகையும் கோணலாகும். அப்பலகையாற் செய்த கதவும் நிலையோடு பொருந்தாது. வாங்கியவர் குறைகூறுவது தச்சரின் கையை. குறை இருப்பதோ அந்தக் கையின் கீழ்க் கிடக்கும் பலகையில்.

நேயர்களுட் பலர் வீட்டின் பின்புறத்திலே சிறு பட்டறை ஒன்று வைத்திருக்கக் கூடும். அன்றி, வைக்க எண்ணியிருக்கக் கூடும். சீவுளி எது, வாள் எது, துளைக்கருவி எது என்று பலநாள் ஆராய்ந்து வாங்கும் அவர்களில் எத்தனைபேர், அக்கருவிகள் யாவற்றுக்கும் அடிப்படையாகிய மேசையின் மேற்பரப்பு எதனால் அமைய வேண்டும் என்பதை ஆராய்கிறார்கள்? கையிற் கிடைத்த பலகையை நான்கு கால்களின்மேல் அறைந்து வேலையைத் தொடங்கிவிடுவதே பெரும்பாலும் வழக்கம்.

வாங்கு, மேசை, கதிரை, அலுமாரி ஆகிய சொற்கள் யாவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. பொருளோடு பெயரும் வந்தது. அதற்கு முன்னர் இந்நாட்டிலும் தமிழகத்திலும் தச்சர் நிலத்தில் அமர்ந்து, மரத்தைக் காலாற் பற்றிக்கொண்டு இழைப்பதே பெருவழக்கு. அவருக்கு நிலமே மேசை; பாதமே இடுக்கி. நின்று வேலைசெய்யும் முறை வந்ததும், நிலம் செய்துவந்த பணியை மேசை ஏற்க நேர்ந்தது. நிலத்துக்கு மூன்று சிறப்புகள் உண்டு. அது அசைவதில்லை. அது வளைவதில்லை. தேய்ந்து குழிவிழுந்தாலும் மண்ணிட்டு நிரவிவிடலாம். நல்ல பட்டறை மேசைக்கு வேண்டிய இலக்கணமும் இம்மூன்றே. முதல் இரண்டையும் யாவரும் அறிவர். மூன்றாவதைத்தான் மறந்துவிடுகின்றனர்.

தொழிற்பயிற்சி முடித்த ஓர் இளைஞர், கடன்பட்டுச் சிறு தளபாடப் பட்டறை ஒன்றைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ‘மேசை என் ஆயுட்காலம் முழுவதும் உழைக்கவேண்டும்’ என்று கருதி, மரங்களில் மிகக் கடினமான பாலைமரத்தையே தேர்ந்தெடுக்கிறார். பாலை சாதாரண மரமன்று. நீரில் இட்டால் அமிழ்ந்துவிடும் அளவுக்கு வைரம் பாய்ந்தது. புகையிரதத் தண்டவாளங்களின் கீழே கிடந்து பாரம் தாங்கிய மரம் அது. ஆனால், இளைஞர் மேசைமேல் வைத்த தேக்குச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டியபோது, அடிபட்டு நசுங்கியது சட்டமே. கைதவறிய உளி மேசைமேல் விழுந்தபோது, மழுங்கியது உளியின் வாயே. ஆண்டு ஒன்று கழிந்து மேசை சற்று முறுகியபோது, அதனை மீண்டும் சமமாக்க முற்பட்ட சீவுளி வழுக்கியது. பலகை உழைத்தது உண்மை. அதன்பொருட்டுத் தேய்ந்தவை தொழிலாளியின் கருவியும், விற்பனைக்குரிய பொருளும், அவருடைய தோளுமே. இத்தகைய உழைப்பை நீடித்த உழைப்பு என்று சொல்லலாமா?

மரத்தின் கடினத்தை அளப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒஸ்திரிய நாட்டவரான கேப்ரியல் யாங்கா என்பவர் 1906ஆம் ஆண்டில் வகுத்த முறை அது. 11.28 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் குண்டு ஒன்றை, அதன் பாதியளவு மரத்துள் அமிழும்வரை அழுத்துவார்கள். அதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதே அம்மரத்தின் கடின அளவு. தேக்குக்கு 1,000 இறாத்தலுக்குச் சற்று மேற்பட்ட விசை போதும். அமெரிக்கத் தச்சர் தம் மேசைகளுக்கு விரும்பும் வன்மேப்பிள் மரத்துக்கு ஏறத்தாழ 1,450 இறாத்தல் வேண்டும். இவ்வளவுகள் பயனுடையவை. எனினும், குண்டு எவ்வளவு அமிழும் என்பதையே இவை கூறும். வேலைக்கு எது உகந்தது என்பதைக் கூறமாட்டா. அதனைக் கூறவல்லது மேசைமேல் நிகழும் வேலையே.

ஆகவே, மேற்பரப்பை ஒரே பொருளாகக் கருதாமல் இரண்டாகப் பிரித்துப் பார்த்தல் நன்று. ஒன்று, பாரத்தையும் அதிர்ச்சியையும் தாங்கும் உடல். மற்றொன்று, வெட்டையும் கறையையும் ஏற்கும் போர்வை. உடல் நிலைத்து நிற்க வேண்டும். போர்வை தேய வேண்டும். போர்வை தேய்ந்தபோது அதனைக் குறைந்த செலவில் மாற்றிவிட முடியுமாயின், அந்த மேசை மூப்படையாது. உடலையும் போர்வையையும் ஒன்றாக்கி, ஒருபோதும் தேயாத பொருளைத் தேடி அலைவதே வீண் செலவுக்கு வழி.

உடலுக்கு ஏற்ற பொருள் எது? முதலில் மரத்தையே எடுத்துக்கொள்ளலாம். மரம் வெட்டப்பட்ட பின்னும் ஈரத்தை வாங்கியும் விட்டும் உயிர்ப்பது. நீளத்தில் அது அநேகமாக மாறுவதில்லை. அகலத்திலேயே விரிந்து சுருங்கும். பச்சை நிலையிலிருந்து முற்றாக உலரும்போது, தேக்கு அகலவாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு சுருங்கும். ஐரோப்பியத் தச்சர் போற்றும் பீச் மரமோ ஏறத்தாழ 12 பங்கு சுருங்கும். வெயில் காலத்துக்கும் மாரி காலத்துக்கும் இடையிலே, இரண்டடி அகலமான மேற்பலகை சில மில்லிமீற்றர் விரிந்து சுருங்குவது இயல்பு. அதனைக் கால்களோடு இறுக்கி ஆணியறைந்து பூட்டிவிட்டால், அது வெடிக்கும் அல்லது வளையும். குறுக்குச் சட்டத்தில் நீள்துளையிட்டுத் திருகாணியால் பிணைத்தால், பலகை நகர்வதற்கு இடம் கிடைக்கும்.

தேக்கு நல்ல உடல். ஈரத்தால் அதிகம் கோணாது; கறையானும் எளிதில் அண்டாது. ஆனால், அதன் வைரத்திலே மணற்சத்துக் கலந்திருப்பதால் சீவுளியின் வாய் விரைவில் மழுங்கும். எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டுப்பசையும் தயங்கியே பிடிக்கும். விலையோ சொல்லவேண்டியதில்லை. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் சவண்டலை மரம், அதிர்ச்சியைத் தாங்குவதிற் பெயர்பெற்றது. சாராயப் பீப்பாய்களுக்கும் படகுகளுக்கும் பயன்பட்ட அம்மரத்தைத் ‘திருகோணமலை மரம்’ என்ற பெயராற் பிறநாட்டாரும் அறிவர். முதிரையும் உறுதியானதே, ஆயினும் அதன் தூள் சிலருடைய தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். பனஞ்சட்டத்தின் புறவைரம் இரும்பை ஒத்தது. உள்ளே செல்லச்செல்ல மென்மையானது. அதன் சிலாம்பு கையில் ஏறும் என்பதை வடபகுதி மக்களுக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. அது கால்களுக்கும் சட்டங்களுக்கும் ஏற்றது. கை தவழும் பரப்புக்கு ஏற்றதன்று.

செலவைச் சுருக்க வேண்டியவருக்கு இறப்பர் மரம் கைகொடுக்கும். பால் வற்றிய மரங்களை வெட்டி, அறுத்து, மருந்தூட்டி உலர்த்தி, சிறு சட்டங்களாக ஒட்டிய பலகை சந்தையிற் கிடைக்கிறது. மருந்தூட்டாத இறப்பர் மரத்தை மட்டும் வாங்கலாகாது. அதில் மாச்சத்து மிகுதி. வண்டு துளைத்து, உளுத்துத் தூளாகிவிடும். இன்னொரு வழியும் உண்டு. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் வளைகளும் விட்டங்களும் பல ஆண்டுகள் உலர்ந்து பதப்பட்டவை. அவற்றுட் புதைந்து கிடக்கும் ஆணிகளை ஒன்றுவிடாமற் பிடுங்கிய பின் அறுத்து இணைத்தால், புதுமரத்தைவிட அமைதியான உடல் அமையும். எந்த மரமாயினும் 50 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பு நன்று. தடிப்பான மரம் கிட்டாதபோது, ஒட்டுப்பலகைத் தகடுகள் இரண்டை அல்லது மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு அழுத்திக்கொள்ளலாம். இழையோட்டம் மாறிமாறி அமைவதால், ஒட்டுப்பலகை தனிமரம்போல் விரிந்து சுருங்குவதில்லை.

இனி, போர்வை. தச்சு வேலைக்குப் பெரும்பாலும் தனிப் போர்வை தேவையில்லை. மேசையின் மரம் வேலைமரத்தைவிடச் சற்று மென்மையாகவோ, அதற்கு இணையாகவோ இருந்தால், இரண்டொரு ஆண்டுக்கு ஒருமுறை மேற்பரப்பை ஒரு மயிரளவு இழைத்துவிடுவதே புதுப்பித்தலாகும். பசையும் நிறப்பூச்சும் மிகுதியாகப் புழங்கும் இடத்திலோ, ஒட்டுப்பலகையை உடலாகக் கொண்ட மேசையிலோ, வன்பலகை என்னும் ஹார்ட்போட் மிகச் சிறந்த போர்வை. அமெரிக்க நாட்டில் வில்லியம் மேசன் என்பவர் 1924ஆம் ஆண்டில் கண்டறிந்த பொருள் அது. ஆலைகளில் வீணாகிய மரச்சிம்புகளை நீராவியால் நாராக்கி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தகடாக்கும் முறை அவருடையது. எண்ணெயூட்டிச் சூட்டிற் பதப்படுத்திய வகை இன்னும் வலியது. அதில் 6 மில்லிமீற்றர் தடிப்பான தகட்டை மேசையின் அளவுக்கு வெட்டி, சுற்றிலும் மரச்சட்டம் வைத்து, அச்சட்டத்துள் அமிழ்த்திவிட வேண்டும். பசை பூசி ஒட்டுதல் கூடாது. நான்கைந்து பித்தளைத் திருகாணிகளைத் தலை வெளித்தெரியாதபடி அமிழ்த்தி முடுக்கினாற் போதும். தேய்ந்தபோது கழற்றிவிட்டுப் புதியதைப் போடலாம். இருபுறமும் வழுவழுப்பான தகடாயின், முதலில் மறுபுறம் திருப்பிக்கொள்ளலாம். ஈரம் புகுந்தால் விளிம்பு பொருமும் என்பதே அதன் குறை. விளிம்பு முழுவதிலும் வார்னிஷ் பூசிக்கொண்டால் அக்குறையும் பெரும்பாலும் தீரும்.

போர்மைக்கா போன்ற பளபளப்பான தகடுகளை விரும்புவோரும் உளர். 1912ஆம் ஆண்டளவில் மின்கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாகப் பயன்படுத்துவதற்கென அமெரிக்கர் இருவர் ஆக்கிய பொருள் அது. ‘மைக்காவுக்குப் பதில்’ என்ற பொருளிலேயே அதற்குப் பெயரும் அமைந்தது. பசையையும் நீரையும் அது ஏற்காது, துடைத்தாற் போதும். ஆனால், அதன்மேல் மரம் வழுக்கும். இழைக்கும்போதும் உளியால் வெட்டும்போதும் வழுக்கும் மேசை, கைக்கு ஆபத்து. ஆகவே, பசையிட்டுப் பொருத்தும் மேசைக்கு அது நன்று. வெட்டும் மேசைக்கு நன்றன்று. அதனை ஒட்டுவோர் பலகையின் கீழ்ப்புறத்திலும் ஒரு தகடு ஒட்டுதல் அவசியம். ஒருபுறம் மட்டும் ஒட்டினால், ஈரம் மறுபுறத்தால் மட்டுமே புகுந்து பலகையை வளைத்துவிடும்.

இரும்பு வேலைக்கும் மோட்டார் பழுதுபார்க்கும் வேலைக்கும் இலக்கணம் வேறு. அங்கே எண்ணெய் சிந்தும், கனத்த பாகங்கள் உருளும், அரத்தூள் உதிரும். வெறும் மரத்தில் எண்ணெய் ஊறினால் அது கழுவிப் போகாது. தீப்பொறி பட்டால் எரிபொருளாகவும் மாறும். ஆதலால், தடித்த மர உடலின்மேல் 3 மில்லிமீற்றர் உருக்குத் தகடு போர்த்துதல் தகுந்தது. 2 மீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள அத்தகைய தகடு ஏறத்தாழ 28 கிலோகிராம் நிறையுடையது. அந்த நிறையும் மேசையை அசையாமல் நிறுத்தத் துணைசெய்யும். மெல்லிய தகரம் போர்த்தினால், அது பறைபோல் ஒலிப்பதோடு விரைவில் நெளிந்தும்விடும். விளிம்பைக் கீழ்நோக்கி மடித்துவிடாவிட்டால் தொழிலாளியின் கையை அறுக்கும். கடற்காற்று வீசும் ஊர்களில் உருக்கு எளிதில் துருவேறும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்துவிடுதல் நல்ல பழக்கம்.

துருவுக்கு அஞ்சி, நாகம் பூசிய தகட்டைப் போர்த்துவோரும் உண்டு. பொருத்தவும் திருகவும் மட்டுமே பயன்படும் மேசைக்கு அதில் இடையூறில்லை. ஆனால், அதன்மேல் ஒட்டுவேலை, அதாவது வெல்டிங், ஒருபோதும் செய்யலாகாது. சூடேறிய நாகத்தின் புகையைச் சுவாசிப்போருக்குச் சில மணி நேரத்தின் பின் குளிரும் காய்ச்சலும் காணும். வெல்டிங் மேசைக்கு மரமே ஆகாது. பூச்சில்லாத தடித்த உருக்குப் பரப்பே வேண்டும். சீமெந்துத் தளத்தின்மேல் நேரே வைத்து உருக்குவதும் தீது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, சீமெந்துத் துண்டுகள் வெடித்துச் சிதறக்கூடும்.

வானொலி, தொலைபேசி, கணினி முதலியவற்றைப் பழுதுபார்க்கும் மேசையோ இவையிரண்டுக்கும் மாறானது. அங்கே உருக்குத் தகடு பகை. 230 வோல்ற்று மின்சாரம் ஓடும் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் அதனையும் மறுகையால் உலோகப் பரப்பையும் தொடுதல் உயிருக்கே ஆபத்து. மின்கடத்தாத உலர்ந்த பரப்பே வேண்டும். மரப்பலகையின்மேல் லினோலியம் விரித்தால் அழகும் அமைதியும் உண்டு. ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் மரத்தூளையும் கலந்து சணல் துணியிற் பரப்பி, 1860களில் இங்கிலாந்தின் பிரெடெரிக் வால்டன் உருவாக்கிய விரிப்பு அது. சிறு திருகாணி விழுந்தாற் துள்ளி ஓடாது. காரமான சோடாவினால் மட்டும் அதனைக் கழுவலாகாது. எந்த விரிப்பாயினும் வெளிர்நிறமாக இருந்தால், விழுந்த சிறு பாகம் கண்ணுக்குத் தெரியும். இக்காலத்து நுண்சில்லுகள், உடலில் உராய்வால் எழும் சிறு மின்னேற்றத்தினாலும் பழுதடைவன. அவற்றுக்கென மின்னேற்றத்தை மெல்ல வடியவிடும் இறப்பர் விரிப்புகள் உள்ளன. 10 இலட்சம் ஓம் தடையின் ஊடாக அவற்றை நிலத்தோடு இணைப்பார்கள். திறந்த நிலையில் மின்சாரம் பாயும் கருவியை அவ்விரிப்பின்மேல் வைத்து ஆராயாதிருத்தல் நலம்.

ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலின் முனை 300 பாகை செல்சியசைத் தாண்டும். மரத்தை அது கருக்கும். போர்மைக்காவைக் கொப்புளிக்கச் செய்யும். இச்சூட்டுக்கு அஞ்சி, கூரைவேலையில் மிஞ்சிய அஸ்பெஸ்டஸ் தகட்டை வெட்டி மேசைமேற் பரப்பும் வழக்கம் சில பட்டறைகளில் இருந்து வந்துள்ளது. இதனை உடனே கைவிட வேண்டும். அத்தகட்டை வெட்டும்போதும், துளைக்கும்போதும், அது தேயும்போதும் எழும் நுண்ணிழைகள் நுரையீரலுட் சென்று தங்கும். அவற்றால் விளையும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும். பட்டறை வீட்டோடு இருக்குமாயின், அத்தூள் தொழிலாளியை மட்டுமன்றி, அவருடைய ஆடையைத் துவைப்பவரையும் திண்ணையில் விளையாடும் குழந்தையையும் சேரும். ஒரு தரையோடு, இரண்டு உலைச் செங்கல், அல்லது மணல் பரப்பிய இரும்புத் தட்டு, இவற்றுள் ஏதேனும் ஒன்று அதே பணியைத் தீங்கின்றிச் செய்யும். ஏற்கெனவே மேசையில் அஸ்பெஸ்டஸ் இருக்குமாயின், உடைக்காமல், உலர்ந்த நிலையிற் பெருக்காமல், நீர் தெளித்து நனைத்து, முழுத்தகடாகவே அகற்றிப் பொதிந்துவிடுதல் வேண்டும்.

மரப் பரப்புக்குப் பூச்சு வேண்டுமா என்று சிலர் வினவுவர். பளபளக்கும் பூச்சு வேலைமேசைக்கு வேண்டியதில்லை. அது வழுக்கும், பின் உரியும். ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தேய்த்து உலரவிட்டாற் போதும். பசைத் துளி எளிதிற் பெயரும், அழுக்கும் ஊறாது. ஆனால், எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி ஒரு மூலையில் எறிந்துவிட்டுச் செல்லலாகாது. அவ்வெண்ணெய் உலரும்போது வெப்பம் பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அவ்வெப்பம் அடங்கிப் பெருகி, நெருப்பு வையாமலே தீப்பற்றும். துணியை வெளியில் விரித்து உலர்த்தலாம்; அன்றி, நீர் நிறைந்த தகரப் பேணியில் அமிழ்த்தலாம்.

இறுதியாக, எதனை வாங்குவதாயினும் முன்னதாகச் சோதித்துப் பார்த்தல் அறிவுடைமை. மரக்காலையிலும் கடையிலும் மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும். ஓரடித் துண்டுகள் மூன்று நான்கைப் பெற்று, தினமும் செய்யும் வேலையை அவற்றின்மேல் ஒருநாள் செய்து பார்க்கலாம். ஒரு துளி எண்ணெய், ஓர் இரவு முழுவதும் நீர், ஒரு சுத்தியலடி, கைதவறிய உளி, சூட்டுக்கோலின் ஒரு தொடுகை எனச் சோதித்தால், விளம்பரம் கூறாததைத் துண்டே கூறிவிடும். மேசையை அமைத்த பின் அதன் சமநிலையை அறியவும் செலவில்லாத வழி உண்டு. மூலைக்கு மூலை ஒரே உயரத்தில் இரண்டு நூல்களைக் குறுக்காக இழுத்துக் கட்டவேண்டும். நடுவில் அவை ஒன்றையொன்று மெல்லத் தொட்டும் தொடாமலும் நின்றால், நான்கு மூலைகளும் ஒரே தளத்தில் உள்ளன. ஒன்றையொன்று அழுத்தினாலும், இடைவெளி விட்டாலும் மேசை முறுகியுள்ளது என அறியலாம். அழுத்தம் கண்ணுக்குப் புலப்படாது போகுமாதலால், நூல்களை மேல்கீழாக மாற்றி மறுமுறையும் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

கடன்பட்டுத் தொழில் தொடங்குபவருக்கு மேசை ஓர் அலங்காரப் பொருளன்று. அவருடைய கருவியின் கூர்மை, கையின் பாதுகாப்பு, வாங்குவோரின் நம்பிக்கை ஆகிய மூன்றும் அதன்மேலேயே கிடக்கின்றன. தேயாத பரப்பைத் தேடிப் பெரும்பணம் செலவிடுவதிலும், தேய்வதற்கென்றே ஒரு போர்வையை வைத்து, உறுதியான உடலைக் காத்துக்கொள்வதே அவருக்கு ஆதாயம். தாமும் உருக்குலையாது, தம்மீது வைத்த பொருளையும் உருக்குலைக்காது, தேய்ந்தாற் புதுப்பித்துக்கொள்ளத் தக்கதாய் இருப்பதே சிறந்த மேற்பலகை. முன்னாளிற் தச்சருக்கு நிலம் அவ்வாறே இருந்தது.